அல் குசைஸில் ஒரு பேரீச்சங்கொட்டை வழக்கு

துபாயில் இறங்கியபோது என் கைப்பையில் முக்கியமான பொருள்கள் இரண்டு இருந்தன. ஒன்று, நான் வேலையில் சேர வேண்டிய கப்பலின் கடிதம். மற்றொன்று, என் அக்கா வீட்டுக்காரரின் பல் செட்டு. விமான நிலைய அதிகாரி கடிதத்தை இரண்டு நொடி பார்த்தார். பல் செட்டை இரண்டு நிமிடம் பார்த்தார். பிறகு என் வாயைப் பார்த்தார். என் பற்கள் முழுசாக இருந்ததில் அவருக்குச் சந்தேகம் கூடிவிட்டது. இந்தியில் பாதியும் சைகையில் பாதியுமாக நான் குடும்ப வரலாறு சொல்லி முடித்ததும் சிரித்துக்கொண்டே அனுப்பிவைத்தார்.

அத்தான் முந்தைய லீவில் வந்திருந்தபோது மன்னார்குடியில் அளவு கொடுத்துவிட்டுப் போன பல் அது. அவர் விமானம் ஏறும் நாள்வரை பல் தயாராகவில்லை. எங்கள் பல் டாக்டர் சொன்ன தேதிக்கு எதையும் கொடுத்ததாக ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எட்டு மாதமாக அத்தான் அல் குசைஸில் ஒரு கட்டடக் கம்பெனியின் கேம்ப்பில் இருநூறு பேருக்குக் கறியும் மீனுமாகச் சமைத்துப் போட்டுவிட்டுத் தான் மட்டும் ரசம் சாதத்தைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

என் வேலையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஒன்பது வருஷமாகப் பயணிகள் கப்பலில் கேஸினோ கூடத்தில் இருக்கிறேன். முதலில் சீட்டுப் பகிர்ந்தேன். இப்போது போக்கர் மேஜைகளுக்கு மேற்பார்வையாளன். நான் பந்தயம் கட்டினேன், நீ கட்டவில்லை என்று மேஜையில் தகராறு வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். நான் வந்து தீர்ப்புச் சொல்வேன். எங்கள் அம்மாவுக்கு நான் கப்பலில் 'ஓட்டல் பிரிவில்' இருக்கிறேன். அம்மா அதை சாம்பார் ஊற்றும் வேலை என்று புரிந்துகொண்டு நிம்மதியாக இருக்கிறாள்.

அந்த முறை கப்பலில் ஏதோ இயந்திரக் கோளாறு. நான்கு நாள் காத்திருக்கச் சொல்லிவிட்டார்கள். அத்தான் அறையில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. கேம்ப் வாட்ச்மேனுக்கும் அத்தான்தான் சோறு போடுகிறவர் என்பதால் நான் தங்குவதில் சிக்கல் ஒன்றும் வரவில்லை.

டாக்சி ஓட்டியவர் பெஷாவர்க்காரர். ஏறிய பத்தாவது நிமிடத்தில் நான் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தேன். அவர் வண்டியை ஓரங்கட்டினார். நோன்பு மாதம் என்பது எனக்குத் தெரியும், என் தொண்டைக்குத்தான் தெரியவில்லை. "பாயி, நீ குடிப்பதால் எனக்குத் தாகம் எடுக்காது" என்றார் இந்தியில். "பக்கத்து வண்டியில் போலீஸ் இருந்தால் உனக்குத்தான் கஷ்டம். குனிந்து குடி." மன்னார்குடியிலிருந்து அவ்வளவு தூரம் வந்து, டாக்சி சீட்டுக்குக் கீழே தலையை விட்டுத் தண்ணீர் குடித்தேன்.

அத்தான் பல்லை மாட்டிக்கொண்டு வெகுநேரம் கண்ணாடியைப் பார்த்தார். "என்ன மாப்ள, குதிர மாதிரி இருக்கா?"

"இல்லத்தான். பொண்ணு பாக்கப் போற மாதிரி இருக்கீங்க."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், இரண்டு பேரைத் தவிர. ஒருவன் மேல் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். இன்னொருவர் கீழ்க் கட்டிலில் உட்கார்ந்து, சுத்தமாகவே இருந்த ஒரு பனியனைத் தேய்த்து மடித்துக்கொண்டிருந்தார். பல் செட்டுக்குக்கூடச் சிரிக்காத மனிதர்களுக்கு ஏதோ பெரிய விவகாரம் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

விவகாரம் இதுதான். மேல் கட்டில்காரன் செல்வராஜ், அறந்தாங்கிப் பக்கம், பிளம்பர். கீழ்க் கட்டில்காரர் ஜெகநாதன், இலங்கையில் ஹட்டன், தேயிலைத் தோட்டத்துக் குடும்பம், தச்சு வேலை. இருவரும் தை மாதம் லீவு கேட்டிருந்தார்கள். போர்மேன், ரூமுக்கு ஒரு ஆள்தான், அடுத்தவருக்கு வைகாசியில்தான், உங்களுக்குள் பேசி சனிக்கிழமை காலையில் ஒரு பெயரைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். அப்படிச் சொல்லிவிட்டால் கெட்ட பெயர் தனக்கு வராது என்பது அவருடைய கணக்கு.

செல்வராஜ் என்னிடம் தனியாக வந்து சொன்னான். "ரெண்டு தடவ கல்யாணத்துக்கு நாள் குறிச்சாச்சு சார். ரெண்டு தடவையும் லீவு கெடைக்கல. இந்தத் தையிலயும் வரலைன்னா வேற எடம் பாத்துக்குறோம்னு மலர்க்கொடியோட அப்பா சொல்லிட்டாரு. நியாயம்தானே அவர் சொல்றது?"

ஜெகநாதனும் தனியாக வந்துதான் சொன்னார். அவருடைய முந்தைய கம்பெனி மூடிப்போய், லீவுக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருந்தது. "மகள பத்து வயசுல விட்டுட்டு வந்தேன் அண்ணே. இப்ப பதினாலு. போன்ல என்கூட கதைக்க வெக்கப்படுறா. நல்லா இருக்கேன் அப்பான்னு சொல்லிட்டு ஒடனே அம்மாகிட்ட குடுத்துர்றா. இன்னும் கொஞ்ச காலம் போனா யார் பேசுறதுன்னு கேட்டுருவா போல."

இரண்டு பேருக்கும் நான் தலையாட்டினேன். தலையாட்டுவது சுலபமாக இருந்தது, ஏனென்றால் முடிவு என் கையில் இல்லை என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை ஊரைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினேன். பஸ்ஸில் முன்னால் காலியாக இருந்த இருக்கையில் உட்கார்ந்தேன். அது பெண்களுக்கானது என்று டிரைவர் முதலில் அரபியிலும், பிறகு இந்தியிலும், கடைசியில் எழுந்து வந்து கையாலும் சொன்னார். பின்னால் போய் உட்கார்ந்த வெட்கத்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். ஷார்ஜா வந்துவிட்டது. எங்கள் ஊர் பஸ்ஸாக இருந்தால் கண்டக்டர் திட்டிக்கொண்டாவது இறக்கிவிட்டிருப்பார். இங்கே கண்டக்டரே கிடையாது, திட்டு வாங்கக்கூட ஆள் இல்லை.

பசி வேறு. பகல் முழுக்கக் கடைகளில் திரை போட்டிருந்தது. சாயந்தரம் கேம்ப்புக்குப் பக்கத்துப் பள்ளிவாசல் பந்தலில் அத்தான் என்னை வரிசையாக விரித்த பிளாஸ்டிக் தாளின் முன்னால் உட்காரவைத்தார். நெற்றியில் திருநீற்றோடு உட்கார்ந்தவனையும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பிரியாணி, மோர், ஆரஞ்சு, கை நிறையப் பேரீச்சம்பழம். ஊரில் இந்த மாதத்தில் கூத்தாநல்லூர் நண்பர் வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் நோன்புக் கஞ்சி வரும். அந்தக் கஞ்சிக்குக் கொஞ்சம் ஏங்கினாலும் பிரியாணியில் ஒரு பருக்கையும் மீதி வைக்கவில்லை. அத்தான் எட்டு மாதம் கழித்து ஒரு எலும்பைக் கடித்தார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. பல் இன்னும் சரியாகப் பொருந்தவில்லை, வலியில்தான் வந்தது என்றார்.

வெள்ளிக்கிழமை விடுமுறை. துணி துவைப்பது, முடி வெட்டிக்கொள்வது, தூங்குவது என்று பகல் போனது. நோன்பு திறக்கும் நேரம் முடிந்ததும் அறைக்கு நடுவில் ஒரு டிரம்மைக் கவிழ்த்து அதன்மேல் பிளைவுட் பலகையைப் போட்டார்கள். அந்த அறையில் வெள்ளிதோறும் போக்கர் ஆடுகிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஊருக்குத் திரும்பிப்போன ஒரு ஃபிலிப்பைன்ஸ்காரர் சொல்லிக்கொடுத்துவிட்டு, தேய்ந்த சீட்டுக்கட்டையும் விட்டுப் போயிருந்தார்.

காசு வைத்து ஆடிப் பிடிபட்டால் விசா ரத்தாகி ஊர்போய்ச் சேர வேண்டியதுதான். அதனால் அவர்கள் ஆடுவது பேரீச்சங்கொட்டை வைத்து. தின்று துப்பியதைக் கழுவி, வெயிலில் காயவைத்து, ஊறுகாய் பாட்டிலில் சேர்த்து வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை ராஜாவாக இருப்பவன் சனிக்கிழமை பாட்டிலில் கொட்டிவிட்டு வேலைக்குப் போவான். எங்கள் கப்பலில் இப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் எத்தனையோ குடும்பங்கள் நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்கு மட்டும் ஆட்டம் இரண்டு பேருக்குள். ஆளுக்கு ஐம்பது கொட்டை. கொட்டை முழுவதையும் ஜெயிப்பவனுக்குத் தை மாத லீவு. பூவா தலையா போட்டுப் பார்க்கலாம் என்று அத்தான் சொன்னதற்கு, கல்யாணத்தைக் காசைச் சுண்டியா முடிவு செய்வது என்று செல்வராஜ் கோபித்துக்கொண்டானாம். சீட்டில் முடிவு செய்தால் அவனுக்குக் கௌரவமாக இருந்தது. நான் இருப்பதைக் காட்டி அத்தான் பெருமையாகச் சொன்னார். "எங்க மாப்ள கப்பல்ல இதுக்குத் தீர்ப்புச் சொல்றவரு. ஏதாச்சும் தகராறுன்னா அவரு சொல்றதுதான் கடைசி. சரியா?" இருவரும் சரி என்றார்கள். நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. அந்த அறையில் என் தொழிலைக் கேட்டு யாரும் முகம் சுளிக்கவில்லை, அதில் மயங்கிவிட்டேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு: ஆளுக்கு இரண்டு சீட்டு கையில். நடுவில் ஐந்து சீட்டு திறந்து வைப்பார்கள். இந்த ஏழில் எந்த ஐந்து நல்லதோ அது உங்கள் ஆட்டம். ஒருவர் பந்தயம் வைத்தால் மற்றவர் அதே அளவு போட்டு ஒத்துக்கொள்ளலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்து விலகலாம். பந்தயக் கொட்டைகளைப் போட நடுவில் ஓர் அலுமினியத் தட்டு. அதற்குப் பக்கத்தில் தின்னப் பேரீச்சம்பழம். தின்றதைத் துப்ப ஒரு காலித் தயிர் டப்பா. இந்த மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தவர் என் அத்தான். இருநூறு பேருக்குச் சமைக்கிறவர் சாமான்களை அப்படித்தான் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பார்.

முக்கால் மணி நேரம் ஒருவர் ஏறுவதும் ஒருவர் இறங்குவதுமாகப் போயிற்று. அறை முழுக்க நின்று பார்த்தது. பிறகு அந்த ஆட்டம் வந்தது. நடுவில் ஐந்து சீட்டும் திறந்தாகிவிட்டது, அதில் ஒரு ராஜா இருந்தது. செல்வராஜ் தன்னிடம் இருந்த நாற்பத்தாறு கொட்டையையும் இரண்டு கையாலும் தட்டில் தள்ளினான். ஜெகநாதனிடம் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. ஒத்துக்கொண்டு ஜெயித்தால் லீவு அவருக்கு. ஒத்துக்கொண்டு தோற்றால் மிஞ்சுவது நாலு கொட்டை, ஆட்டம் முடிந்த மாதிரிதான். விலகினால் கொஞ்சம் நஷ்டத்தோடு இன்னும் ஆடலாம்.

ஜெகநாதன் யோசித்தார். சீட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டு மென்றார். கண் சீட்டிலேயே இருக்க, வாயிலிருந்து கொட்டையை எடுத்துக் கையை நீட்டிப் போட்டார். அது தயிர் டப்பாவில் விழவில்லை. அலுமினியத் தட்டில் டங்கென்று விழுந்தது.

செல்வராஜ் தன் சீட்டுகளைத் திறந்துவிட்டான். கையில் இரண்டு ராஜா, நடுவில் ஒன்று, மொத்தம் மூன்று ராஜா.

"நான் ஒத்துக்கலயே" என்றார் ஜெகநாதன். "அது நான் சாப்பிட்ட கொட்டை."

"தட்டுல போட்டீங்கள்ல? போட்டா போட்டதுதான். நான் சீட்டத் தொறந்து காட்டிட்டேன். இப்ப இல்லன்னா எப்படி?"

அறை இரண்டாகப் பிரிந்தது. ஒருவன் தட்டில் கைவிட்டு அந்தக் கொட்டையைத் தேடி எடுத்து டியூப்லைட்டில் காட்டினான். ஈரமாக இருந்தது, ஓரத்தில் பழச் சதையும் ஒட்டியிருந்தது. ஈரக் கொட்டை பந்தயத்தில் செல்லாது என்றது ஒரு கட்சி. தட்டுக்குள் விழுந்தபின் ஈரம் என்ன காய்ந்தது என்ன என்றது மறு கட்சி. குளிக்கப் போனவர்கள் சோப்போடு திரும்பி வந்து கருத்துச் சொன்னார்கள். கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்குச் சட்டம் நன்றாகத் தெரியும். இரண்டு பேர் மட்டும் ஆடும்போது, எதிராளி பந்தயம் வைத்தபின் வாய் திறக்காமல் ஒரே ஒரு பந்தய வில்லையைப் போட்டாலும் ஒத்துக்கொண்டதாகத்தான் அர்த்தம். குறைச்சலாகப் போட்டிருந்தால் மீதியையும் போடச் சொல்வோம். மனதில் என்ன நினைத்தீர்கள் என்று கேட்கவே மாட்டோம். கேட்டால் தோற்றவர் எல்லோரும் வேறு ஏதாவது நினைத்திருப்பார்கள். ஒருமுறை ஒரு கிழவிக்குத் தும்மல் வந்து கை மேஜையில் தட்டிவிட்டது. மேஜையைத் தட்டினால் 'இந்த முறை பந்தயம் இல்லை' என்று பொருள். நான் அப்படியே தீர்ப்புச் சொன்னேன். பயணம் முடியும்வரை அந்தம்மாள் என்னைப் பார்த்தாலே வேண்டுமென்றே தும்முவாள்.

ஆனால் கப்பலில் தோற்பவர்கள் விடுமுறைக்கு வந்தவர்கள். இங்கே தோற்கிறவன் விடுமுறையையே தோற்கிறான். ஜெகநாதன் பொய் சொல்லவில்லை என்று என் கண்ணால் பார்த்திருந்தேன். மகளைப் பற்றி அவர் சொன்னது காதிலேயே இருந்தது. செல்வராஜ் சொன்னதும் இருந்தது. இதையெல்லாம் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் நான் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது திருட்டு. அதனால் தெரிந்த சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"தட்டுல விழுந்திருச்சு. ஒத்துக்கிட்டதாத்தான் கணக்கு. ஜெகன், மீதியையும் போட்டுட்டு சீட்டத் திறங்க."

அவர் வாதாடவில்லை. "சரி அண்ணே" என்று கொட்டைகளை எண்ணித் தட்டில் போட்டார். கையில் இருந்த இரண்டு சீட்டையும் பலகையில் வைத்தார். "ஒம்பதுல ஒரு ஜோடி. அவ்வளவுதான் என்கிட்ட" என்று எழுந்து, தண்ணீர் குடிக்கப் போனார்.

செல்வராஜை யாரோ தூக்கிவிட்டார்கள். நான் பழக்கதோஷத்தில் சீட்டுகளைப் பார்த்தேன். கப்பலில் ஆட்டக்காரர் வாயால் சொல்வதை நம்புவதில்லை, சீட்டைத்தான் பார்ப்போம். ஜெகநாதன் வைத்தது கிளாவர் ஒன்பது, கிளாவர் ஆறு. நடுவில் இருந்த ராஜா கிளாவர். நடுவிலேயே நாலாம் எண் சீட்டும் கிளாவர். ஜாக்கியும் கிளாவர். தேய்ந்த கட்டில் கிளாவரும் ஸ்பேடும் ஒன்றுபோலக் கறுத்திருந்தன. அவர் ஜோடியை மட்டுமே தேடியிருக்கிறார். ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு மூன்று ராஜாவை அடித்துவிடும்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். வேறு யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்த ஆசை ஒரு கணம் எனக்கு வந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன், தூக்கிவிடப்பட்டிருந்த செல்வராஜின் முகம் அப்படி இருந்தது. "அவனக் கீழ எறக்குங்க" என்றேன். பிறகு ஐந்து கிளாவரையும் வரிசையாக எடுத்து வைத்தேன்.

அத்தான் மட்டும் மெதுவாக, "அடப் பாவி மாப்ள" என்றார்.

ஜெகநாதனைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் வெகுநேரம் பார்த்தார். முகத்தில் சந்தோஷம் வரவில்லை. "ஆனா நான் போடல்லயே அண்ணே" என்றார். "அது சாப்பிட்ட கொட்டதான். நான் கவுத்து வைக்கத்தான் இருந்தேன்."

ஒன்பது வருஷத்தில் தனக்குச் சாதகமான தீர்ப்பை எதிர்த்து வாதாடிய ஆளை நான் பார்த்ததில்லை. எல்லோரும் செல்வராஜைப் பார்த்தார்கள். இப்போது ஈரக் கொட்டை செல்லாது என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஜெகநாதன் தடுத்திருக்க மாட்டார், அறையும் தடுத்திருக்காது. அவன் வாயைத் திறந்தான், மூடினான்.

"போட்டா போட்டதுதான்னு நான்தான் கத்துனேன்" என்றான். "நீங்க போய்ட்டு வாங்கண்ணே." செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே போனான். வலது காலில் யாருடைய செருப்போ இருந்தது.

நான் பின்னால் போனேன். கேம்ப் வாசலுக்கு வெளியே டெலிபோன் கூண்டு. டெலிபோன் கார்டைச் செருகி அறந்தாங்கிக்கு, மலர்க்கொடியிடம் பேசினான். தை இல்லை, வைகாசி என்றான். ஏன் என்று கேட்டிருப்பாள். கொட்டை விழுந்தது, ராஜா வந்தது, கிளாவர் வந்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். பிறகு திடீரென்று போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"சிரிக்கிறா சார்."

"நல்லதுதானே?"

"தெரியலையே. காத்திருக்கேங்குற சிரிப்பா, போடாங்குற சிரிப்பா? பயந்துபோய் வச்சுட்டேன்."

"திரும்பப் போட்டு வாயத் தொறந்து சொல்லச் சொல்லுப்பா" என்றேன். அவன் எண்களை அழுத்தினான். கேள்வியைக் கேட்டான். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு ரிசீவரை என்னிடம் நீட்டினான். "உங்ககிட்டதான் சொல்லுவாளாம்."

"தீர்ப்புச் சொன்னவரு நீங்கதானா?" என்றது அந்தக் குரல். இருபத்திரண்டு வயது இருக்கலாம், பயம் துளியும் இல்லை.

"ஆமாம்மா."

"யாரு பக்கம் சொன்னீங்க?"

"செல்வராஜ் பக்கம்தாம்மா சொன்னேன். அதுலதான் தோத்துட்டாரு."

மறுபடி அதே சிரிப்பு. பிறகு அது நின்றது. "வைகாசி வரைக்கும் நான் இருக்கேன்னு சொல்லுங்க சார். அப்பாவ நான் பாத்துக்குறேன். ஆனா இனிமே யாருகிட்டயும் என் கல்யாணத்த சீட்டுல வைக்கக் கூடாது. வச்சா, தோத்தாலும் கட்டிக்க மாட்டேன், ஜெயிச்சாலும் கட்டிக்க மாட்டேன்." கார்டு தீர்ந்து இணைப்பு அறுந்தது.

"என்ன சார் சொன்னா?"

வார்த்தை மாறாமல் சொன்னேன். சீட்டைப் பற்றிய பகுதி அவன் காதில் ஏறியதாகவே தெரியவில்லை. முதல் வரியை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். சொன்னேன். கேம்ப் வாசலுக்கு வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தி, மறுபடியும் கேட்டான்.